செயப்படுபொருளின் அளவு

இருபத்தைந்தோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் வருவது யாது? ஐந்தாம் வகுப்பு மாணவன் விரல்விட்டு எண்ணாமலே இதற்கு விடை கூறுவான். பதின்மக் கணக்குக் கற்றவனாயின் 25.333 என்றெழுதி, மூன்று முடிவின்றி நீளும் என்பதைக் காட்டப் பின்னே சில புள்ளிகளும் வைப்பான். ஆனால், ஐ.பி.எம். குழுமத்தார் 1960-களின் நடுவில் தம் பெருங்கணிப்பொறிகட்கென ஆக்கிய பி.எல்.ஒன் என்னும் நிரல்மொழியில் இதே கூட்டலை எழுதினால், அப்பொறி நேரிய விடை தாராது. இடம் போதாமல் நிறைந்து வழிந்தது என்னும் பிழையறிவிப்பை எழுப்பும். அவ்வறிவிப்பை எழாவண்ணம் அடக்கி வைத்தவர்க்கோ 5.33333333333333 என்னும் எண்ணை விடையாக நீட்டும். இருபது எங்கே போயிற்று என்று பொறியும் சொல்லாது. விடையைக் கண்டவரும் எளிதில் அறியார்.

பொறி பழுதுற்றதன்று, கூட்டல் அறியாததும் அன்று. குறை, அளவில் நேர்ந்தது. எழுதப்படும் ஒவ்வோர் எண்ணுக்கும் மொத்தம் எத்தனை இலக்கம், அவற்றுள் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்னும் அளவினை, அவ்வெண் எழுதப்பட்ட வடிவைக் கொண்டே அம்மொழி வரையறுக்கும். 25 என்பது ஈரிலக்கம், 1 ஓரிலக்கம், 3 ஓரிலக்கம். ஒரு பதின்ம எண் அன்று கொள்ளக்கூடிய பேரளவு 15 இலக்கம். ஒன்றை மூன்றால் வகுக்குங்கால், வகுபடும் எண் ஓரிலக்கமாகலின் புள்ளிக்கு முன் ஓரிடத்தை நிறுத்திக்கொண்டு, எஞ்சிய 14 இடங்களையும் புள்ளிக்குப் பின் வழங்கிவிடும். கொடைதான், ஆயினும் பின்வருவது நோக்காத கொடை. அடுத்து 25 வந்து கூடுங்கால், புள்ளிக்குப் பின்னுள்ள 14 இடங்களை விட்டுக்கொடுத்தற்கு நெறி இடந்தாராது; மொத்தம் 15 என்னும் வரம்பைக் கடத்தலும் ஒல்லாது. ஆகவே புள்ளிக்கு முன் எஞ்சுவது ஓரிடமே. அவ்விடத்தில் ஐந்து அமர்ந்துகொள்ள, இரண்டு வாயிற்படிக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

இதற்கு அந்நாளில் கூறப்பட்ட மருந்து இன்னும் வியப்பானது. ஒன்றை 1 என்றெழுதாமல் 01 என்றெழுதிவிட வேண்டும். ஒன்று இப்பொழுது ஈரிலக்கமாகிவிடுகின்றது, வகுத்தலின் பேறு புள்ளிக்கு முன் ஈரிடமும் பின் 13 இடமும் பெறுகின்றது, 25 வந்து குடியேற இடம் உண்டாகின்றது, விடை நேராகின்றது. எண்ணுக்கு இடப்பக்கம் நிற்கும் சுழிக்கு மதிப்பில்லை என்பது பள்ளிப் பாடம். அம்மதிப்பற்ற சுழியே இங்கு இருபதை மீட்டுத் தந்தது. மதிப்பு வேறு, நீளம் வேறு என்பதனை இதனினும் சுருங்க விளக்கும் எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

கணிப்பொறிக்கு எழுதும் கணக்குத் தொடரைக் கோவை என்பர். கூட்டு, கழி, பெருக்கு, ஒப்பிடு என ஏவும் குறி வினைக்குறி. அவ்வினை எதன்மேற் செல்கின்றதோ அதனை ஆங்கிலர் ஆப்பரண்டு என்பர். தமிழில் இதனைச் 'செயலேற்பி' என்றும், பிறவாறும் பலர் பலபடப் பெயர்த்துள்ளனர். 'வினையெண்' என்பாரும் உளர், அது பொருந்தாது, ஏனெனில் வினை ஏற்பது எண்ணாகத்தான் இருத்தல் வேண்டுமென்பதில்லை, எழுத்தாகவும் நாளாகவும் பெயராகவும் இருக்கலாம். ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்ப்போர்க்கு வழி தெளிவாகும். அது செய்தல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையடியாகப் பிறந்து, 'செய்யப்படுதற்குரியது' எனப் பொருள்படும் வடிவம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வினை நிகழ்தற்கு வேண்டும் எட்டினை எண்ணுமிடத்துச் செய்வதை அடுத்துச் செயப்படுபொருளை வைத்தார். இரண்டாம் வேற்றுமை கற்ற ஒவ்வொரு தமிழ் மாணவனும் அறிந்த சொல் அது. வேண்டிய சொல் வீட்டின் நடுவிலேயே இருக்க, அயற்சொல்லைத் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்து அதனையே கலைச்சொல் என்று கற்பித்தல் எற்றுக்கு? இங்குச் செயப்படுபொருள் என்றே ஆளப்படுகின்றது.

செயப்படுபொருள் ஒவ்வொன்றுக்கும் வகை ஒன்று, நீளம் ஒன்று. இவ்விரண்டையும் அறியாமல் பெருங்கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவன், வேற்றுமையும் மாத்திரையும் அறியாமல் வெண்பாப் பாடப் புகுந்தவனை ஒப்பான்.

வகை என்பது பொறியின் நினைவகத்தில் எங்கும் எழுதப்படவில்லை என்பதே முதற்கண் உணரவேண்டுவது. ஐ.பி.எம். குழுமம் 1964 ஏப்பிரல் 7-ஆம் நாள் வெளியிட்ட 360 என்னும் பொறித்தொகுதி, எட்டு இருமக்கூறுகள் கொண்ட பைட்டினை நினைவகத்தின் அலகாக நிலைநிறுத்தியது. ஒரு பைட்டில் 0 முதல் 255 முடிய ஏதேனும் ஓரெண் இருக்கும். அஃது எண்ணா, எழுத்தா, நாளா, பணமா என்பது அப்பைட்டுக்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக, 241, 242 என்னும் மதிப்புடைய இரு பைட்டுகள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்க. அப்பொறியின் எழுத்துக்குறி முறையில் இவை ஒன்று, இரண்டு என்னும் எழுத்துவடிவங்கள். பரந்த பதின்மமாகப் படித்தால் பன்னிரண்டு. இவற்றையே இரும எண்ணாகப் படித்தால் வரும் மதிப்புக் குறை 3,598. அஃதாவது சுழிக்குக் கீழ் அத்தனை. செறித்த பதின்மமாகப் படிக்கப் புகின், எண்ணும் குறியும் நெறிப்படி அமையவில்லை என்று பொறி நிரலையே நிறுத்திவிடும். பைட்டுகள் மாறவில்லை, படிக்கும் கண்தான் மாறியது. பன்னிரண்டு உருபா வைத்திருப்பவனை மூவாயிரத்தைந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு உருபாக் கடன்காரனாக்குதற்கு ஒரு வகைப்பிழை போதும்.

நிரல் நின்றுபோகும் அவ்விடத்திற்குப் பெருங்கணிப்பொறியாளரிடையே சுழி-சி-ஏழு என்று பெயர். எண் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம் நிரப்பப்பட்டிருத்தலே இதற்குப் பெரும்பாலும் கரணியம். அம்முறையில் வெற்றிடத்திற்கும் 64 என்றொரு மதிப்பு உண்டு. ஆகலின் வெறுமை வெறுமையாகாது. நள்ளிரவில் வைப்பகக் கணக்கு ஓடும்பொழுது இவ்வேழு தோன்றிப் பொறியாளரை உறக்கத்தினின்று எழுப்புவதை வெறுப்போடு பேசுவார் மிகப்பலர். வெறுத்தற்குரியது அன்று அது. வகை பிறழ்ந்தவிடத்து நின்றுவிடும் பொறி நல்ல பொறி. பிறழ்ந்ததை உணராமல் கூட்டிக்கொண்டே போகும் பொறிக்குத்தான் அஞ்சவேண்டும்.

இனி, செறித்த பதின்மம் என்பது யாதெனின், ஒரு பைட்டினை இரு பாதியாகப் பகுத்துப் பாதிக்கு ஓரிலக்கம் வீதம் அடைத்து, இறுதிப் பாதியில் மிகையெண்ணா குறையெண்ணா என்னும் குறியை இருத்துவது. ஒரு செயப்படுபொருள் 16 பைட்டு வரை நீளலாம். 32 பாதிகளுள் ஒன்று குறிக்கு ஒழிய, 31 இலக்கம் அடங்கும். இந்நீளம் பைட்டோடு வைக்கப்படுவதில்லை. கூட்டு என்னும் கட்டளைக்குள்ளேயே, இருபொருளின் நீளமும் தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கும். அந்நீளத்தையும் ஒன்று குறைத்தே எழுதுவர். நீளமே இல்லாத பொருளின்மேல் வினை செல்லாதாகலின், சுழி என எழுதினால் ஒன்று என்றும், பதினைந்து என எழுதினால் பதினாறு என்றும் கொள்வது மரபு. பெருக்கலுக்கு இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஐந்திலக்க எண்ணை மூவிலக்க எண்ணாற் பெருக்கினால் எட்டிலக்கம் வரை வரும். ஆகவே பெருக்கப்படும் எண்ணின் இடப்பக்கத்தே, பெருக்கும் எண்ணின் நீளத்திற்கேற்பச் சுழிகள் முன்னரே நிற்றல் வேண்டும். நில்லாவிடின் பொறி பெருக்க மறுக்கும். விளைச்சல் வருமுன் களஞ்சியம் ஒழித்துவைக்கச் சொல்லும் உழவனின் கட்டளை போன்றது இது.

இரும எண்ணுக்கு அப்பொறியில் மூன்று நீளம். முழுச்சொல் என்பது நான்கு பைட்டு, அதிற் பாதி அரைச்சொல், இருமடங்கு இரட்டைச்சொல். குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை, நெடிலுக்கு இரண்டு என மாத்திரை வகுத்த தமிழ் இலக்கணத்தை அறிந்தவர்க்கு இவ்வளவு முறை புதிதாகத் தோன்றாது. இதனைக் கொண்டு, தொல்காப்பியர் அன்றே கணிப்பொறி கண்டார் என மேடையில் முழங்குவார் கூற்று நகைப்பிற்குரியது. அவ்வாறு முழங்குதலால் தொல்காப்பியர்க்குப் பெருமை சேராது. ஓர் ஒலியின் தன்மையும் அஃது ஒலிக்கும் அளவும் இருவேறு செய்திகள், இரண்டையும் தனித்தனியே வரையறுத்தல் வேண்டும் என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. அத்தெளிவே இங்கும் வேண்டப்படுவது. அரைச்சொல்லில் 32,767-க்கு மேற்பட்ட எண் அடங்காது. முழுச்சொல்லின் எல்லை 2,147,483,647. அரைச்சொல்லில் நெடிலை அடைக்க முயல்பவனுக்குத் தளை தட்டும்.

வகை மயங்கிய கோவை எழுதுங்கால் நிகழ்வதையும் இலக்கணப் பெயரால் சுட்டலாம். செறித்த பதின்மத்தையும் இரும எண்ணையும் ஒரே கோவையில் கூட்டச் சொன்னால் பொறி நேரே கூட்டாது; ஒன்றை மற்றொன்றின் வகைக்கு மாற்றியாதல் வேண்டும். அதற்கெனவே பதின்மத்தை இருமமாக்கும் கட்டளை ஒன்றும், இருமத்தைப் பதின்மமாக்கும் கட்டளை ஒன்றும் அதில் உள்ளன. நிரல்மொழி இம்மாற்றத்தை எழுதுவானைக் கேளாமலே இடைநுழைத்துச் செய்துவிடும். பி.எல்.ஒன் மொழி இதில் மிகத் தாராளம். எழுத்தை எண்ணாக்கும், எண்ணை எழுத்தாக்கும், எதனையும் எதனோடும் இணைக்க முயலும். இஃது ஒருவகை வழுவமைதி. தமிழிலும் திணைவழுவை அமைத்துக்கொள்வது உண்டு. உவப்பினால் ஆவினை அம்மை என்றழைப்பதை நன்னூலார் ஏற்றுக்கொண்டார். ஆனால் அமைதி கூறுதற்குக் கரணியம் காட்டினார். கரணியம் காட்டாமல் எல்லா வழுவையும் அமைத்துக்கொண்டு போகும் மொழியில், வழு எது என்பதே மறந்துபோகும்.

வணிகக் கணக்குகட்கெனப் பிறந்த கோபோல் மொழி இவ்வகையிற் கண்டிப்பானது. (ஒலிப்பில் கோபால் என்றே காதில் விழும், ஆயர்குலத்தோடு அதற்குத் தொடர்பில்லை.) 1959-இல் அமெரிக்கப் படைத்துறைத் தலைமையகத்தில் கூடிய அரசினரும் பொறி ஆக்குநரும் வகுக்கத் தொடங்கி, 1960-இல் முதல் வரையறை பெற்ற மொழி அது. அம்மொழியில் வினையைச் சொல்லும் பகுதிக்கு முன்னரே, தரவுகட்கெனத் தனிப்பகுதி ஒன்றில் ஒவ்வொரு பொருளின் வடிவையும் எழுதிக் காட்டல் வேண்டும். ஓர் ஒன்பது எழுதினால் ஓர் இலக்கத்திற்கு இடம்; ஐந்து ஒன்பது எழுதினால் ஐந்திலக்கத்திற்கு இடம். ஒரு பதின்ம எண்ணுக்கு 18 இலக்கம் என்பது நெடுங்காலம் அதன் எல்லையாயிருந்து, 2002-ஆம் ஆண்டுத் தரப்பாட்டில் 31 ஆக உயர்ந்தது. வடிவை எழுதுபவன் மாந்தனே. அவன் எத்தனை ஒன்பது எழுதினான் என்பதிலேதான் ஒரு நூற்றாண்டின் முடிவே சிக்கிக்கொண்டது.

ஆண்டுக்கு இரண்டு ஒன்பது போதும் என எழுதினர். 1967 என்பதை 67 என்றனர். அவர்களை மடவர் என்று ஒதுக்குதல் எளிது, முறையன்று. அந்நாளில் தரவு 80 நிரை கொண்ட துளையட்டைகளில் பதியப்பட்டது. ஒருவன் பெயர், கணக்கெண், தொகை, நாள் யாவும் அவ்வெண்பதுக்குள் அடங்கல் வேண்டும். 360 தொகுதியின் சிறிய பொறிகளுள் ஒன்றன் நினைவகம் எட்டாயிரம் பைட்டில் தொடங்கி அறுபத்துநான்காயிரத்தோடு முடிந்தது. இன்று ஒரு சிறு படத்திற்கும் அது போதாது. அட்டைதோறும் இரண்டு நிரை மிச்சம் என்பது அன்று பெரும்பேறு. குற்றம் சிக்கனத்தில் இல்லை. அச்சிக்கனத்தைக் கணக்கெழுதி வைத்து, வளம் வந்தபின் மீட்டுக்கொள்ளாமையில் இருந்தது. பாபு பெமர் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் 1971-இலேயே இதனை எடுத்துக்காட்டி எழுதினார். நினைவகம் மலிந்தது, அட்டைகள் மறைந்தன, இரண்டு ஒன்பதும் அப்படியே நின்றன. முப்பதாண்டு ஓடாது என்றெண்ணி எழுதிய நிரல்கள் முப்பதாண்டும் ஓடின.

99 உடன் ஒன்றைக் கூட்டினால் 100. இரண்டிலக்க இடத்தில் அதனை வைத்தால் இடப்பக்கத்து ஒன்று வெட்டுண்டு, எஞ்சுவது 00. 25-இலிருந்து இருபது காணாமற்போன அதே கதைதான். இங்குப் போனது ஒரு நூற்றாண்டு. 1965-இல் பிறந்தவனுக்கு 2000-இல் அகவை யாதெனக் கேட்டால், 00 கழித்தல் 65 எனக் கொண்டு குறை அறுபத்தைந்து என்னும் நிரல். குறியை வைக்கவும் இடமில்லாத பொருளாயின் வெறும் அறுபத்தைந்து என்னும். முப்பத்தைந்து அகவையான் ஓய்வூதியத்திற்கு உரியவனாகிவிடுகின்றான். இவற்றைத் திருத்தும் பணி 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க, ஐரோப்பிய வைப்பகங்களிலிருந்தும் காப்பீட்டுக் குழுமங்களிலிருந்தும் இந்தியக் குழுமங்கட்கு வந்தது. சென்னையிலிருந்தும் கடல்கடந்து சென்றும் அவ்வேலை பார்த்த தமிழிளைஞர் பலர். பிறர் எழுதிய பல்லாயிரம் வரிகளுள் எங்கெங்கே ஆண்டு ஈரிலக்கமாய் ஒளிந்திருக்கிறதென்று வரிவரியாய்த் தேடிய உழைப்பு அது. 2000-ஆம் ஆண்டின் முதல்நாள் பேரிடரின்றிக் கழிந்ததைக் கண்டு, எல்லாம் வெற்றுக் கூச்சல் என்றார் சிலர். கரை உயர்த்தப்பட்டதனால் வெள்ளம் உட்புகாமற் போனதைப் பார்த்து, வெள்ளமே வரவில்லை என்பார்க்கு என் செய்வது!

எல்லா நிரலிலும் நான்கிலக்கம் ஆக்கப்படவில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது. பலவிடத்துச் சாளரமுறை என்னும் குறுக்குவழி கையாளப்பட்டது. 50-க்குக் கீழ் வரும் ஈரிலக்கத்தை இரண்டாயிரத்தோடும், மேல் வருவதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்தோடும் சேர்த்துப் படிப்பது போன்ற முறை. நீளத்தைக் கூட்டாமல் பொருளை மட்டும் மாற்றுவது. எவ்வெண்ணைப் பிரிவெல்லையாக வைத்தனரோ அவ்வாண்டு வருங்கால் அவ்விடரும் உடன் வரும்.

இடப்பக்கம் வெட்டுண்டால் இழப்புப் பெரிது. ஆதலால் என்றேனும் கண்ணிற் படும். வலப்பக்கம் வெட்டுண்பதோ கறையான் அரிப்பது போன்றது. கனடா நாட்டு வேன்கூவர் நகரப் பங்குச்சந்தை 1982 சனவரியில் புதிய விலைச்சுட்டெண் ஒன்றை 1000 எனத் தொடங்கியது. பங்கு கைமாறுந்தொறும், நாளொன்றுக்கு ஏறத்தாழ மூவாயிரம் முறை, அது புதிதாகக் கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் புள்ளிக்குப்பின் மூன்றிலக்கம் வைத்துக்கொண்டு எஞ்சியதை வெட்டினர். அரைக்கு மேற்பட்டதை ஒன்றாக உயர்த்தும் முழுமையாக்கலைச் செய்திலர். ஒருமுறை இழப்பது ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. 1983 நவம்பரில் அச்சுட்டெண் 520-ஐ ஒட்டி நின்றது. சந்தை வீழவில்லை, விலைகள் நன்றாகவே இருந்தன. பிழை திருத்தியபொழுது உண்மையான மதிப்பு 1098 எனத் தெரிந்தது. இருபத்திரண்டு திங்களில் பாதி அரிக்கப்பட்டிருந்தது. கோபோல் மொழியில் இதனைத் தவிர்க்க 'முழுமையாக்குக' என ஒருசொல் சேர்த்தால் போதும்; சேர்க்காவிடின் வெட்டுதலே இயல்பு.

பணத்தோடு போனால் ஈடு செய்துகொள்ளலாம். 1991 பிப்பிரவரி 25-ஆம் நாள் சவுதி அரேபியாவின் தாகுரானில் இருபத்தெட்டு அமெரிக்கப் படைவீரர் ஏவுகணை வீழ்ந்து இறந்தனர். அதனை வழிமறிக்கவேண்டிய பேட்ரியாட்டுக் காப்புக்கணைத் தொகுதி அன்று இயங்கவே செய்தது. ஆனால் வானில் தவறான இடத்தைப் பார்த்திருந்தது. பெருங்கணிப்பொறி அன்று அது. எனினும் பிழை இதே பிழை. அதன் கடிகாரம் நொடியின் பத்திலொரு கூறாகக் காலத்தை எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவுற எழுத முடியாது. மூன்றில் ஒன்று பதின்மத்தில் முடியாமை போல அது நீண்டுகொண்டே செல்லும். அதனை 24 இருமக்கூற்றில் வெட்டி வைத்திருந்தனர். ஒரு கூறுக்கு நேர்ந்த பிழை கோடியில் ஒன்றினும் சிறிது. பொறியை நூறு மணிநேரம் நிறுத்தாமல் ஓடவிட்டதில் முப்பத்தாறு இலக்கம் கூறுகள் எண்ணப்பட்டு, அச்சிறுபிழைகள் திரண்டு ஒரு நொடியில் மூன்றிலொரு பங்காயின. அதற்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்குக் குறையாமல் கடந்துவிடும். திருத்திய நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது.

பெருங்கணிப்பொறிகளில் பணக்கணக்கைப் பதின்மத்தில் வைப்பது ஏன் என்பதற்கு இதுவே விடை. விரைவு வேண்டுமெனில் இருமம் விரைவானது. மிகப்பெரிய எண்ணும் மிகச்சிறிய எண்ணும் வேண்டுமெனில் மிதவைப்புள்ளி எண் உண்டு. ஆனால் ஐந்து காசு என்பது உருபாவில் இருபதிலொரு பங்கு. அதனை இருமத்தில் முழுதாக எழுதவியலாது. தமிழர் அதனை மா என்றனர். மா மட்டுமன்று, எண்பதிலொன்றாகிய காணியும், முந்நூற்றிருபதிலொன்றாகிய முந்திரியும், அம்முந்திரியில் முந்நூற்றிருபதிலொன்றாகிய கீழ்முந்திரியும் இருமத்தில் முடியாதன, பதின்மத்தில் முடிவன. முந்திரி 0.003125. கீழ்முந்திரிக்குப் புள்ளிக்குப் பின் 12 இடம் வேண்டும். செறித்த பதின்மத்தில் அது பிசகின்றி அமரும். கீழ்வாயிலக்கத்தின் அடியிலிருக்கும் இம்மியோ பதின்மத்திலும் முடியாது. அதன் கீழெண்ணில் மூன்றும் ஏழும் கலந்திருத்தலே கரணியம். இம்மியும் பிசகாமல் என்னும் வழக்கை எடுத்தாள்வோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளற்கில்லை. 1964-இல் வகுத்த அதே கட்டளைகளை இன்றைய ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளும் ஏற்று நடக்கின்றன. வைப்பகங்களும் காப்பீட்டுக் குழுமங்களும் இன்றும் அவற்றை நம்பியுள்ளன. அத்தொகுதியின் கடிகாரம் 1900-ஆம் ஆண்டின் முதல்நாளிலிருந்து எண்ணுவது. அதற்களித்த நீளம் 64 இருமக்கூறு. அது 2042 செப்டம்பர் 17-ஆம் நாள் நிறைந்து மீண்டும் சுழிக்குத் திரும்பும். நீண்ட கடிகாரத்தைப் படிக்கும் கட்டளையைக் குழுமத்தார் அமைத்துவிட்டனர். ஆயினும் எட்டு பைட்டு என்று இடம் ஒதுக்கிய பழைய நிரல்களைத் தேடித் திருத்துவது மாந்தர் பணியே. இன்று கல்லூரியில் பயிலும் மாணவன் அப்பொழுது நடுவகவையினனாய் அப்பணியில் அமர்ந்திருத்தல் கூடும். அவன் ஆசிரியர், நீளம் என்பதை மனப்பாடம் செய்யவேண்டிய ஓர் அயற்சொல்லாகக் கற்பித்தாரா, குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு சொன்ன அதே தெளிவோடு கற்பித்தாரா என்பது அன்று தெரியவரும்.

தமிழெழுத்தே செயப்படுபொருளாக வருங்கால் இந்நீளக்கணக்கு இன்னும் நுண்ணியதாகின்றது. 256 இடங்களே கொண்ட பழைய குறிமுறையில் தமிழுக்கு இடம் இல்லை. 1988-இல் இந்திய மொழிகட்கென வகுத்த குறிமுறையின் அடிப்படையில், 1991-இல் வெளிவந்த ஒருங்குகுறி தமிழுக்கு இடந்தந்தது. ஆனால் உயிர்மெய்யை ஓரெழுத்தாக வைக்கவில்லை. அகரமேறிய மெய் ஒரு குறி, அதன்மேல் ஏறும் உயிர்க்குறி வேறொரு குறி, புள்ளியும் தனிக்குறி. தமிழ் என்னும் சொல் இலக்கணத்தில் மூன்றெழுத்து. ஒருங்குகுறியில் ஐந்து குறி. பைட்டுகளாக அனுப்பும் பெருவழக்கான முறையில் குறிக்கு மூன்று பைட்டு வீதம் பதினைந்து. ஒவ்வோர் எழுத்துக்கும் 16 இருமக்கூற்றில் ஒரே குறி என அமைந்த முறையினைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குகுறியோடு சேர்த்து ஏற்றது. அம்முறையில் எழுத்தெண்ணிக்கையும் குறியெண்ணிக்கையும் ஒன்றே. ஆயினும் உலக வழக்கிற் பரவியது ஒருங்குகுறியே. ஆகலின் பெயருக்கு இருபது பைட்டு என ஆங்கிலப் பெயரை நினைத்து ஒதுக்கிய பழைய இடத்திற்குள் தமிழ்ப்பெயர் புகும்பொழுது, வெட்டு எங்கே விழும் என்பதை எழுதுவோன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மணிமேகலை என்னும் பெயருக்கு எட்டுக் குறி, இருபத்துநான்கு பைட்டு. இருபதில் வெட்டினால் எஞ்சுவது மணிமேக என்பதும், லகரத்தின் உடைந்த துண்டு இரண்டு பைட்டும். முருகன் என்னும் பெயருக்கு இருபத்தொரு பைட்டு. வேண்டுவது ஒரேயொரு பைட்டு மிகுதி. அஃதில்லாமையால் இறுதிப் புள்ளி போயிற்று; பட்டியலில் நிற்பது முருகன. ஆறாம் வேற்றுமைக்கு அகரம் உருபாதல் அறிந்தவர்க்கு அச்சொல்லும் பொருளுடையதே: முருகனுக்கு உரியவை பல என்பது அதன் பொருள். ஆளை வெட்டிவிட்டு அவனுடைமைகளைப் பட்டியலில் வைத்துக்கொண்டது பொறி. உயர்திணை ஒருமை அஃறிணைப் பன்மையாயிற்று. பிழையறிவிப்பு ஒன்றும் எழவில்லை.